மூட்டுக்குள் ஒரு நெசவு

சென்ற மாசி மாதத்தில் பண்ருட்டி வட்டாரத்துக் கடன் சங்கம் ஒன்றில் கணக்குகளைப் பார்த்துக் கொண்டிருந்தபொழுது, செயலாளர் ஒரு நகைக் கடன் மனுவைக் கொண்டு வந்து என் முன் வைத்தார். மனுவில் குறை ஒன்றுமில்லை. நகைக்கு மதிப்பும் சரியாகவே போடப்பட்டிருந்தது. கடன் வாங்கும் காரணம் என்ற இடத்தில் மட்டும் 'மூட்டில் ஜவ்வு வளர்க்கும் ஊசி' என்று எழுதப்பட்டிருந்தது. "இதைக் கொடுக்கலாமா சார்?" என்று கேட்டார் செயலாளர். கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆயினும் அவர் கேட்டது விதியைப் பற்றியன்று என்பது எனக்கு விளங்கிற்று.

அங்கத்தினர் ஓர் அம்மாள். ஒன்றரை ஏக்கர் முந்திரியும் நாலைந்து பலா மரங்களும் உடையவர். கணவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் கைலி நெசவு செய்பவர், வயது 63. நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் மிதிகட்டை மிதித்த கால்கள். இரண்டு ஆண்டுகளாக வலது முழங்கால் வீங்கி, தறிக் குழியினின்று எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாள் சொன்னார்: "சார், ஜவ்வு தேய்ந்து போய்விட்டதாம். மூன்று ஊசி போட்டால் புது ஜவ்வு வளர்ந்துவிடுமாம். நோட்டீசில் போட்டிருக்கிறது." நோட்டீசையும் காட்டினார். பட்டணத்து வைத்திய நிலையம் ஒன்றின் வழுவழுப்பான நோட்டீசு. ஊசியில் இருப்பது யாது, அதற்கு அனுமதி வழங்கியது யார் என்பவை தவிர மற்றெல்லாம் அதில் இருந்தன. தாலி நீங்கலாக அந்த அம்மாளிடம் இருந்த பொன் முழுவதும் தராசுத் தட்டில் இருந்தது.

நான் வணிகவியல் படித்தவன், வைத்தியம் படித்தவனல்லன். எனவே, "ஒரு மாதம் பொறுங்கள் அம்மா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறினேன். அவ்வாறு விசாரித்ததிலும் படித்ததிலும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே நோட்டீசு நம் அங்கத்தினர் பலரது வீட்டுக்கும் வந்திருக்கக் கூடும். அதுவுமன்றி, இவ்விஷயத்தில் நெசவாளர்கள் கேட்டுப் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றும் இருக்கிறது.

ஜவ்வு என்பது எது?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் ஜவ்வு என்று ஒரே பெயரால் அழைப்பது முழங்காலுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் நார் ஒன்று. இரண்டு எலும்புகளுக்கிடையே பிறை வடிவில் செருகியிருக்கும் திண்டு மற்றொன்று. மூன்றாவது, எலும்பின் முனையிலேயே மெழுகு பூசியது போல் படிந்திருக்கும் வெண்மையான குருத்தெலும்பு. பந்து விளையாடும் இளைஞனுக்கு 'ஜவ்வு கிழிந்தது' என்றால் பெரும்பாலும் முதலிரண்டில் ஒன்று. அறுபது வயதுக்காரருக்கு 'ஜவ்வு தேய்ந்தது' என்றால் மூன்றாவது. ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றதற்கு ஆகாது. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

இந்தக் குருத்தெலும்பு முழங்காலில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதன் எடையில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு வரை நீர். மீதமுள்ளது கொலாஜன் என்னும் புரத நாரும், அந்த நார்களுக்கிடையே நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும் ஒரு பசைப் பொருளும் ஆகும். நாரின் அமைப்பை 1925-இல் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் பென்னிங்ஹோஃப் விளக்கினார். அடியில் எலும்பினின்று நார்கள் செங்குத்தாக எழுகின்றன; மேலே வரவர வளைந்து, மேற்பரப்பில் படுக்கையாக ஓடுகின்றன. அடியிலுள்ளவை எலும்பைப் பற்றிக்கொள்கின்றன. மேலே ஓடுபவை உராய்வைத் தாங்குகின்றன. பாவும் ஊடையும் தத்தம் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

இத்தனை நாரையும் பசையையும் உண்டாக்குபவை குருத்தெலும்புக்குள் அங்கங்கே தனித்தனியே வாழும் உயிரணுக்கள். மொத்தக் கனஅளவில் அவை நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தால் அதிகம். அவற்றிற்கு உணவு கொண்டு வர இரத்தக் குழாய் கிடையாது. வலியை அறிவிக்க நரம்பும் கிடையாது. நாம் நடக்கும்பொழுது குருத்தெலும்பு பஞ்சு போல் அமுங்கி நீரை வெளியேற்றி, பாரம் நீங்கியதும் மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீரோடு வருவதே அதற்கு உணவு. மூட்டு வலி என்றவுடன் கட்டிலில் முடங்கிவிடுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

கையில் கத்தி பட்டால் இரத்தம் வந்து உறைந்து, அதிலிருந்து புதுத் தோல் வளர்கிறது. குருத்தெலும்பில் காயம் பட்டால் இரத்தமும் வாராது, புது உயிரணுவும் வாராது. நரம்பில்லாமையால் தொடக்கத்தில் நமக்குத் தெரியவும் தெரியாது. தேய்வு அடியெலும்பை எட்டி, சுற்றியுள்ள சவ்வும் அழற்சி கொண்ட பிறகே வலி பிறக்கிறது. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற வைத்தியர் 1743-இலேயே எழுதி வைத்தார். அதன் பின் இருநூற்றைம்பது ஆண்டுகள் அவர் சொன்னதை மறுக்க ஒருவராலும் முடியவில்லை.

நாற்றங்கால் முறை

முடியாமற்போனதற்கு முயற்சிக் குறைவு காரணமன்று. எலும்பின் முனையில் சிறு துளைகளிட்டு மஜ்ஜையிலிருந்து இரத்தத்தை வரவழைக்கும் முறையை அமெரிக்காவில் ஸ்டெட்மன் என்ற ரண சிகிச்சை நிபுணர் 1980-களில் பரப்பினார். இன்றும் அது கையாளப்படுகிறது. ஆனால் அவ்விடத்தில் வளர்வது தழும்பு போன்ற முரட்டு நார்; வழவழப்பான அசல் குருத்தெலும்பு அன்று. பட்டுப் புடவைக்குக் கோணித் துண்டால் ஒட்டுப் போட்டாற்போல, ஓட்டை மறையும், உழைப்பு நீடிக்காது.

சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகர வைத்தியர்கள் வேறு வழி கண்டனர். நம் விவசாயிகளுக்கு அதை விளக்கவே வேண்டுவதில்லை. நாற்று விட்டு நடவு செய்வதே அம்முறை. நோயாளியின் மூட்டில், பாரம் விழாத ஓரத்திலிருந்து நெல்லளவு குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்துத் தட்டில் சில வாரம் வளர்த்துப் பல லட்சமாகப் பெருக்கி, பின்னர் மூட்டைத் திறந்து பள்ளம் விழுந்த இடத்தில் நடுகிறார்கள். எலும்பின் மேற்சவ்விலிருந்து ஒரு துண்டு எடுத்து மூடியாகத் தைத்துவிடுகிறார்கள். முதல் நோயாளிக்கு 1987-இல் இது செய்யப்பட்டது. 23 பேரின் விவரங்களை மாட்ஸ் பிரிட்பெரி, லார்ஸ் பீட்டர்சன் முதலானோர் 1994-இல் வெளியிட்டனர். தொடை எலும்பின் கீழ் முனையில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேர் இரண்டாண்டுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தனர். முழங்கால் சில்லின் பின்புறம் பழுதாகியிருந்த 7 பேரில் இருவர் மட்டுமே அவ்வாறு இருந்தனர். பயன்படாத இடத்தையும் மறைக்காமல் எழுதிய அந்த அறிக்கையின் நேர்மையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தணிக்கைக்காரனுக்கு நட்டக் கணக்கையும் ஒழுங்காக எழுதும் சங்கத்தின்மேல் தனி மதிப்பு உண்டு.

1997-இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி அளித்தது. நட்ட உயிரணு முதிர்ந்து பாரம் தாங்க ஓராண்டு வரை ஆகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் நம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த பின், அதே குழியில் ஒட்டுக் கன்று வைத்துவிட்டுக் காய்ப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை புதிதன்று.

ஆனால் இம்முறையில் ஒரு கோளாறு இருந்தது. குருத்தெலும்பு உயிரணு தன் வீட்டில் உருண்டையாக, எல்லாப் பக்கமும் சூழப்பட்டு வாழ்கிறது. அதைத் தட்டையான தட்டில் பரப்பிப் பெருக்கினால் அதுவும் தட்டையாகி, தன் குணத்தை மறந்து, தழும்புக்குரிய நாரையே சுரக்கத் தொடங்குகிறது. அதே உயிரணுவைக் கூழ் போன்ற பொருளுக்குள் நாற்புறமும் சூழ்ந்திருக்கும்படி வைத்தால், உருண்டையாகித் தன் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடுகிறது. இது 1982-இல் காட்டப்பட்டது. எனவே நாற்று மட்டும் போதாது; அது குடியேறுவதற்கு நீளம், அகலம், கனம் மூன்றும் உடைய ஒரு வீடு வேண்டும். கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டுவது போல, உயிரணுக்கள் பற்றி ஏறித் தம் சொந்த நாரைக் கட்டி முடிக்கும் வரை தாங்கி நின்று, அதன் பின் தானே கரைந்து மறையும் சாரம். உயிரணுவும் சாரமும் சேர்த்து உடலுறுப்பின் பகுதியை உருவாக்கும் இக்கலையைத் திசுப் பொறியியல் என்கின்றனர். அமெரிக்காவில் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாந்தியும் 1993-இல் எழுதிய கட்டுரையால் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று.

சாரம் எதனால் செய்வது என்ற கேள்வியில்தான் நம் நெசவாளர்களின் தொழில் உள்ளே நுழைகிறது.

பட்டும் தறியும்

பட்டுக்கூட்டைச் சோடாவும் சவுக்காரமும் இட்டுக் கொதிக்க வைத்துப் பசையை நீக்குவது பட்டு நெய்வோருக்குத் தெரிந்த வேலை. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்தப் பசையாகவே போய்விடும். ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை அதுவே. அங்கும் சோடா உப்பில்தான் காய்ச்சுகிறார்கள். எஞ்சிய பட்டுப் புரதத்தை லித்தியம் புரோமைடு என்னும் உப்புக் கரைசலில் இட்டால் நூல் தேன் போலக் கரைந்துவிடுகிறது. கரைசலை மெல்லிய சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் லித்தியம் உப்பு வெளியேறித் தூய பட்டு நீர் மிஞ்சும். அதில் சாப்பாட்டு உப்பின் மணிகளைக் கலந்து உறைய விட்டு, பின் நீரில் ஊறவைத்து உப்பைக் கரைத்தால், உப்பு இருந்த இடமெல்லாம் கண்ணறைகளாகி, பட்டாலாகிய ஒரு பஞ்சு கிடைக்கிறது. அந்தக் கண்ணறைகளே உயிரணுக்களின் குடியிருப்பு. பட்டு நூல் ரண சிகிச்சையில் தையலுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதால் உடல் அதை ஏற்கும் என்பதும், மெல்ல மெல்லக் கரையும் என்பதும் தெரிந்தவை.

இத்துறையில் நம் நாட்டவர் பின்தங்கியிருக்கவில்லை. கௌகாத்தி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிமன் மண்டல் அவர்களின் குழுவினர், நம் பக்கத்து முசுக்கொட்டைப் பட்டுடன் அஸ்ஸாம் நாட்டு முகா பட்டையும் ஆராய்ந்து வருகின்றனர். முகா முதலிய காட்டுப் பட்டுகளின் புரதத்தில், உயிரணு பற்றிக்கொள்வதற்கேற்ற ஒரு சிறு அமைப்பு இயற்கையாகவே இருக்கிறது. வீட்டில் வளர்க்கும் பட்டுப்புழுவின் நூலில் அது இல்லை. டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சௌரப் கோஷ் அவர்களின் குழுவினர், பட்டுப் புரதத்தையும் ஜெலட்டினையும் கலந்த மையில் உயிரணுக்களைச் சேர்த்து, கோலமாவு இழுப்பது போல் இயந்திரத்தால் அடுக்கடுக்காக இழுத்துக் குருத்தெலும்புத் துண்டுகளை உருவாக்கியதை 2017-இல் வெளியிட்டனர். இவை ஆய்வுக்கூட வேலைகள். இவற்றால் எவருடைய முழங்காலும் இன்னும் நேராகிவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பஞ்சுச் சாரத்துக்கு ஒரு குறையுண்டு. அது மென்மையானது. நடக்கும்பொழுது முழங்காலின் மேல் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது. உயிரணுக்கள் தம் வீட்டைக் கட்டி முடிக்கும் முன்பே பஞ்சு நசுங்கிவிடலாம். இதற்கு விடை தேடிய அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த மௌடோஸ், கிலாக் ஆகியோரும் அவர்களுடன் ஆராய்ந்த ஃபிரீட் அம்மையாரும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் தறி! 2007-இல் அவர்கள் வெளியிட்ட முறை இது.

நம் தறியில் ஊடை பாவின் மேலும் கீழுமாக நுழைந்து செல்வதாலேயே துணி நிற்கிறது. அவர்கள் தறியில் பாவும் ஊடையும் பின்னிக்கொள்வதில்லை. ஐந்து அடுக்குப் பாவு, ஆறு அடுக்கு ஊடை, ஆகப் பதினோர் அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக நேராகக் கிடக்கின்றன. மூன்றாவது நூல் ஒன்று மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக இறங்கி ஏறி, எல்லா அடுக்கையும் சேர்த்துக் கட்டுகிறது. மெத்தை தைப்பவர் நீண்ட ஊசியைப் பஞ்சின் ஊடே இறக்கி இழுத்துக் கட்டுவதை நினைத்துக்கொண்டால் போதும். வளைந்து செல்லாத நூலாதலால் இழுப்பையும் அழுத்தத்தையும் உடனே தாங்குகிறது. நூலும் புதிதன்று, உடலுக்குள் தானே கரையும் தையல் நூல் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. பதினோர் அடுக்கும் சேர்ந்தாலும் கனம் மில்லிமீட்டர்க் கணக்குத்தான். அந்தத் துணியின் இடைவெளிகளில் உயிரணு கலந்த கூழை நிரப்பினார்கள். உயிரணுக்கள் வேலையைத் தொடங்கும் முன்பே, அசல் குருத்தெலும்பின் தாங்கும் திறனுக்கு நெருங்கிய திறன் அத்துணிக்கு இருந்தது.

கிலாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2016-இல் இன்னும் ஒரு படி சென்றனர். மெதுவாகக் கரையும் வேறொரு நூலால் இடுப்பு மூட்டின் பந்து முழுவதையும் மூடும் குல்லாய் போலத் துணியை வடிவமைத்து, கொழுப்பிலிருந்து எடுத்த தாய் உயிரணுக்களை அதில் வளர்த்தனர். மூட்டின் அழற்சியைத் தணிக்கும் பொருளை வேண்டும்பொழுது சுரக்குமாறும் அந்த உயிரணுக்களை மாற்றியமைத்தனர். இந்த நெசவு முறையில் செய்த மூடியை இடுப்பு மூட்டு பழுதான நாய்களுக்குப் பொருத்திக் கண்ட முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. அவை வலி தணிந்து நன்கு நடந்தன. மனிதருக்கு அது வருமா, எப்பொழுது வரும் என்று நாள் குறிப்பது நம் வேலையன்று. ஆயினும் பாவு, ஊடை என்ற இரண்டு சொற்களும் ஓர் ரண சிகிச்சைக் கட்டுரையில் இடம் பெறும் காலம் வந்துவிட்டது என்பதைக் கைத்தறி அங்கத்தினர் அறிந்துகொள்வதில் தவறில்லை.

யாருக்கு ஆகும்?

இப்பொழுது நோட்டீசுக்கு வருவோம். இன்று மனிதருக்கு அனுமதிக்கப்பட்டுள்ளவை எவை?

அமெரிக்காவில் 2016 டிசம்பரில், பன்றியின் கொலாஜனால் ஆன மெல்லிய சவ்வில் நோயாளியின் சொந்த உயிரணுக்களைப் படியவைத்துப் பள்ளத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டும் முறைக்கு அனுமதி வழங்கப்பட்டது. இந்தியாவில் 2017-இல், மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களை வளர்த்துத் தரும் 'கார்ட்டிக்ரோ' என்பதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி பெற்றது. இவ்விரண்டும் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சை அல்ல. முதலில் சிறு துண்டு எடுக்க ஒரு முறையும், வளர்த்ததை வைக்க மறுமுறையும் மூட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு மேல் மாதக் கணக்கில் பயிற்சி. எல்லாவற்றிலும் முக்கியமானது, இவை ஏற்றவர் யார் என்பது. விபத்தாலோ அடிபட்டதாலோ ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்து, சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு மிஞ்சியிருப்பவருக்கே இவை பயன்படும். அமெரிக்க முறையின் அனுமதிச் சீட்டிலேயே, 55 வயதுக்கு மேற்பட்டவரிடம் இதன் பயன் நிறுவப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. மூட்டு முழுவதும் தேய்ந்த முதியவருக்கு நாற்று நடுவது வரப்பே இல்லாத வயலில் நீர் பாய்ச்சுவதாகும்.

ஊசியாகவே அனுமதி பெற்றதும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. வேறொருவர் கொடுத்த எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த தாய் உயிரணுக்களைக் கொண்ட மருந்து ஒன்றை முழங்கால் தேய்வுக்கு வழங்க, பெங்களூர் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் 2022-இல் அனுமதி பெற்றது. அது நடுத்தர நிலைத் தேய்வுக்குரியது. வலியைத் தணிப்பதும், மிஞ்சியிருக்கும் குருத்தெலும்பு மேலும் கெடாமல் காப்பதுமே அதன் நோக்கம். எலும்போடு எலும்பு உரசும் நிலையில் புதுக் குருத்தெலும்பை முளைக்க வைப்பதாக அதன் பெயரால் ஒருவர் சொன்னால் அது அவருடைய சொந்தச் சரக்கு.

நம் மாநிலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடக்கும் ஆராய்ச்சி கவனிக்கத்தக்கது. அங்கே 2005 முதல் தாய் உயிரணு ஆராய்ச்சிக்கெனத் தனி மையம் இயங்குகிறது. எலிசபெத் வினோத் முதலான ஆராய்ச்சியாளர்கள், மூட்டு மாற்று ரண சிகிச்சையின்பொழுது வெட்டி நீக்கப்படும் தேய்ந்த குருத்தெலும்பை வாங்கி ஆராய்கின்றனர். தேய்ந்த அந்தத் துண்டுக்குள்ளும் குருத்தெலும்பை உண்டாக்கும் குணம் மாறாத தாய் உயிரணுக்கள் சில ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்து, எந்த வகை சிறந்ததென்று ஒப்பிட்டு வருகின்றனர். பதரென்று தூற்றி விட்டதில் விதைநெல் தேடுவது போன்ற வேலை. முயல்களில் சோதித்துப் படிப்படியாகச் செல்கிறார்கள். நோட்டீசு அடிக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்கள் சிலவற்றுக்கு நிலைபெற்றுவிட்ட மஜ்ஜை மாற்றம் தவிர, தாய் உயிரணுவைக் கொண்டு செய்யும் எதையும் அனுமதி பெற்ற சோதனையாகவே நடத்த வேண்டும் என்கின்றன. சோதனையில் சேர்பவரிடம் அச்சிகிச்சைக்குப் பணம் வாங்குவது முறையன்று. மனிதரிடம் நடக்கும் இத்தகைய சோதனைகள் இந்தியப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆதலால் நோட்டீசுக்காரரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இது அனுமதி பெற்ற மருந்தா, சோதனையா? மருந்தாயின் அதன் பெயர் என்ன, என் நோய்க்கு அனுமதி உண்டா? சோதனையாயின் பதிவு எண் என்ன, பணம் ஏன்? கடன் வாங்குபவரிடம் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! அவர் அதே பணத்தைக் கொண்டு போய்க் கொடுக்கும் இடத்தில் மூன்று கேள்வி கேட்டால் குற்றமில்லை.

அப்படியானால் அறுபது வயது முழங்காலுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. அவை ஊசியைப் போல் விளம்பரமாவதில்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முதலாவது. எடையைக் குறைப்பது அடுத்தது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். இவற்றாலும் தீராமல் மூட்டு முற்றிலும் தேய்ந்தவருக்கு மாற்று மூட்டு பொருத்துவது நன்கு நிலைபெற்ற சிகிச்சை. அதற்கான உலோக மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உடையவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இது செய்யப்படுகிறது. நகையைத் தராசில் வைக்கும் முன் அட்டையைத் தேடி எடுப்பது நலம்.

அந்தத் தம்பதியர்

ஒரு மாதம் கழித்து அதே சங்கத்துக்கு மீண்டும் சென்றபொழுது இருவரும் வந்திருந்தனர். நான் சொன்னபடி சிதம்பரத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். மூட்டின் உட்பக்கம் முழுவதும் தேய்ந்திருக்கிறது. உயிரணு நடும் சிகிச்சை இதற்கு ஏற்றதன்று என்று அங்குள்ள வைத்தியர் தெளிவாகச் சொல்லிவிட்டாராம். ஆறு மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, தேவையானால் மாற்று மூட்டுக்கு வரும்படி எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாளுக்குச் சற்று வருத்தமே. "ஊசியிலே ஆகிவிடும் என்று நினைத்திருந்தோம் சார்" என்றார். நகையில் இரண்டு வளையல்களை மட்டும் வைத்து, தோப்புக்கு உரம் வாங்கச் சிறு கடன் பெற்றுக்கொண்டார். எஞ்சிய நகை முடிச்சு அவர் மடியிலேயே இருந்தது.

பெரியவரிடம், வருத்தத்தை ஆற்றுவதற்காகவே, அந்தப் பதினோர் அடுக்குத் துணியைப் பற்றிச் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்த நோட்டீசை எடுத்து, அதன் வெற்றுப் பக்கத்தில் என் பேனாவை வாங்கிக் கோடுகள் இழுக்கத் தொடங்கினார். பாவு ஐந்து கோடு. இடையிடையே ஊடைக்குப் புள்ளி. சிறிது நேரம் அதையே உற்றுப் பார்த்தார்.

"பாவு ஐந்து, ஊடை ஆறு என்றால் மேல் முகமும் ஊடை, அடி முகமும் ஊடைதான் சார் வரும். மூன்றாவது நூலுக்குத் தனியாக விழுது கட்டி, ஒவ்வோர் அடிக்கும் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை மாற்றினால் கட்டிக்கொள்ளும். பண்ணை அடிக்கும்பொழுது ஆறு ஊடையும் ஒன்றாகச் சேர வேண்டும், அதுதான் கஷ்டம்" என்றார்.

அம்மாள், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். பெரியவர் நோட்டீசை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.